கட்டியை அளந்தவர்கள்

1994 டிசம்பர், கிறிஸ்துமஸ் விடுமுறை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜேம்ஸ் ஆலிசன் எலிகளை அளந்துகொண்டிருந்தார். அது அவருடைய ஆய்வகத்தில் இருந்த டானா லீச் செய்ய வேண்டிய வேலை. ஆனால் லீச்சின் முதல் பரிசோதனை நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்துவிட்டது. அப்படி ஒரு முடிவு வந்தால் நல்ல ஆராய்ச்சியாளருக்குச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே சந்தேகமும் வரும். உடனே இன்னொரு முறை செய்து பார்த்துவிடலாம் என்றார் ஆலிசன். லீச் விடுமுறைக்குக் கிளம்பிவிட்டதால் அளக்கும் வேலை ஆலிசன் தலையில் விழுந்தது. எந்தக் கூண்டு எலிகளுக்கு மருந்து போனது என்பது மட்டும் அவருக்குச் சொல்லப்படவில்லை.

முதல் சில நாட்கள் எல்லா எலிகளிலும் கட்டி வளர்ந்தது. அடுத்த முறை அளந்தபோதும் வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சில எலிகளில் வளர்ச்சி மந்தமானது, நின்றது, கட்டி சுருங்க ஆரம்பித்தது. 1996 மார்ச்சில் இது ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரையாக வந்தது. 2018இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கட்டி சுருங்கிய இடத்துக்கு ஓடிவிடுகிறார்கள். எனக்கு அந்த முதல் சில நாட்கள்தான் பெரிதாகத் தெரிகின்றன. மருந்து வாங்கிய எலியும் வாங்காத எலியும் ஒரே மாதிரி இருந்த நாட்கள் அவை. அன்றைக்கே “வேலை செய்யவில்லை” என்று நோட்டில் எழுதிவிட்டுக் கூண்டைக் காலி செய்திருந்தால்? எலிகள் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. மனிதர்கள் விஷயத்தில் கிட்டத்தட்ட நடந்தே விட்டது.

நான் மருத்துவனோ உயிரியல் படித்தவனோ இல்லை. மென்பொருள் பொறியாளன். சர்வர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று கண்காணிக்கும் நிரல்களை எழுதுவது என் வேலை. எந்த எண்ணைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எந்த எல்லையைத் தாண்டினால் நடுராத்திரியில் ஆளை எழுப்புவது, இதையெல்லாம் முடிவு செய்வதற்குத்தான் பாதிச் சம்பளம். அதனாலோ என்னவோ, புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கும்போது என் கண் செல்களைவிட அளவுகோல்கள் மேல்தான் போய் நிற்கிறது. நோயெதிர்ப்பு மண்டலத்தை வைத்துப் புற்றுநோயை அடிக்கலாம் என்ற யோசனைக்கு நூறு வயதுக்கு மேலாகிறது. அது இத்தனை தாமதமாக மருந்துக்கடைக்கு வந்ததற்கு அறிவியல் போதாததை ஒரு காரணமாகச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் எதை அளப்பது, எப்போது அளப்பது என்று தெரியாததும் அதே அளவுக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

*

இந்தக் கதை வழக்கமாக வில்லியம் கோலியிடமிருந்துதான் தொடங்கும். 1890இல் அவர் நியூயார்க்கில் 28 வயது அறுவை மருத்துவர். பெஸ்ஸி டாஷியல் என்ற 17 வயதுப் பெண் கையில் வீக்கத்தோடு அவரிடம் வந்தாள். ரயில் இருக்கையில் கை நசுங்கியதில் ஆரம்பித்தது என்று நினைத்தார்கள். அது சார்கோமா. முழங்கைக்குக் கீழே கையை எடுத்தார்கள். பயனில்லை. 1891 ஜனவரியில் இறந்துபோனாள். (ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் அவளுக்கு நெருங்கிய நண்பர். அந்தக் குடும்பத்தின் பணம் பிறகு புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் போனதில் இந்த மரணத்துக்கும் பங்குண்டு என்பார்கள்.)

கோலி மனசு ஆறாமல் மருத்துவமனையின் பழைய நோயாளிப் பதிவேடுகளைக் குடைந்தார். அதில் ஃபிரெட் ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குடியேறி கிடைத்தார். கழுத்தில் கட்டி. பல முறை அறுத்தும் திரும்பத் திரும்ப வந்தது. கைவிட்ட நிலையில் அவருக்கு எரிசிபெலஸ் என்ற தோல் தொற்று வந்து, கடும் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் இறங்கியபோது கட்டியும் கரைந்திருந்தது. கோலி மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாகத் தேடி அவரைக் கண்டுபிடித்தார். ஆள் கழுத்தில் தழும்போடு உயிரோடு இருந்தார். இந்த அலைச்சல் எனக்குப் பிடிக்கும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனார் என்று தேடிப்போன மருத்துவர்கள் அப்போது எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பிறகு கோலி தானே நோயாளிகளுக்குக் கிருமிகளைச் செலுத்த ஆரம்பித்தார். முதல் ஆள் ஸோலா என்ற இத்தாலியர், தொண்டையில் கட்டி. பல மாத முயற்சிக்குப் பின் கடும் தொற்று பிடித்தது, கட்டி கரைந்தது, மனிதர் இன்னும் எட்டு வருஷம் போல வாழ்ந்தார். உயிருள்ள கிருமி ஆளையே கொன்றுவிடும் என்பதால் பிறகு சூடாக்கிக் கொன்ற இரண்டு வகைக் கிருமிகளின் கலவைக்கு மாறினார். அதுதான் ‘கோலியின் நச்சு’.

சிலருக்கு வேலை செய்தது, பலருக்குச் செய்யவில்லை. ஏன் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டி செல் என்ற சொல்லே அன்றைக்குக் கிடையாது. அதைவிடப் பெரிய சிக்கல், கலவை ஒரே மாதிரி இல்லை. ஒருவர் தயாரித்தது வீரியமாக இருந்தது, இன்னொருவர் தயாரித்தது வெறும் தண்ணீர் மாதிரி. எங்கே ஊசி போடுவது, எத்தனை நாள் போடுவது என்பதும் ஆளுக்கு ஆள் மாறியது. ஒப்பிடக் கட்டுப்பாட்டுக் குழு என்று ஒன்று இல்லை. இப்படிப்பட்ட தரவை என் மேசைக்குக் கொண்டுவந்தால் நானும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் ஜேம்ஸ் யூயிங், அதே மெமோரியல் மருத்துவமனையின் நோயியல் நிபுணர், கதிர்வீச்சின் பெரிய ஆதரவாளர். அவரை வில்லனாக்கி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரேடியத்தை வைத்தால் கட்டி சுருங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அளவை அளந்து கொடுக்கலாம், இன்னொரு ஊரிலும் அதே மாதிரி செய்யலாம். கோலியின் முறையில் எதையுமே அப்படிச் சொல்ல முடியவில்லை. 1936இல் கோலி இறந்தபோது அவருடைய முறையும் ஏறக்குறைய அவரோடு போயிற்று. 1965இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அதை ‘நிரூபிக்கப்படாத முறைகள்’ பட்டியலில் சேர்த்தது.

அவர் மகள் ஹெலன் கோலி நாட்ஸ் மருத்துவம் படித்தவர் அல்ல. அப்பாவின் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நோயாளிக்கும் எந்தக் கலவை, எத்தனை நாள், எவ்வளவு காய்ச்சல், கடைசியில் என்ன ஆனார் என்று ஏறக்குறைய ஆயிரம் பேரின் கதையைத் தொகுத்தார். 1953இல் நெல்சன் ராக்ஃபெல்லர் கொடுத்த 2,000 டாலரை வைத்துப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். எல்லாரும் கேலி செய்த காலத்தில் இந்தத் துறைக்குப் பணம் கொடுத்து வந்தது அது. அப்பா சேர்க்காத அட்டவணையை மகள் சேர்த்தார் என்று நான் சொல்லிக்கொள்வேன்.

*

ஆலிசனுக்கு வருவோம். டெக்சாஸின் ஆலிஸ் என்ற சிற்றூரில் 1948இல் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே அம்மா லிம்ஃபோமாவில் போய்விட்டார். ஆனால் அவர் ஆராய்ந்தது புற்றுநோயை அல்ல, டி செல்லை. அது எப்படி ஆள் அடையாளம் காண்கிறது, எப்போது தாக்கத் தொடங்குகிறது என்பதுதான் அவருடைய கேள்வி.

டி செல் தன் மேலுள்ள ஏற்பியால் எதிரியை அடையாளம் கண்டால் மட்டும் போதாது. சிடி28 என்ற இன்னொரு புரதத்தின் வழியாக இரண்டாவது சைகையும் வர வேண்டும். முதலாவது சாவி, இரண்டாவது ஆக்சிலரேட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். 1987இல் பிரான்சில் பியர் கோல்ஸ்டைனின் குழு சிடிஎல்ஏ-4 என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. பார்க்க சிடி28 மாதிரியே இருந்தது. அதனால் இதுவும் இன்னொரு ஆக்சிலரேட்டர் என்று பலர் நினைத்தார்கள். நேர்மாறாக அது பிரேக் என்று காட்டியவர்கள் ஜெஃப் ப்ளூஸ்டோனின் குழுவும், ஆலிசனும் அவர் மாணவர் மேத்யூ க்ரம்மலும். 1995இல் வேறு ஆய்வகங்கள் அந்த மரபணுவே இல்லாத எலிகளை உருவாக்கின. அவை பிறந்து மூன்று நான்கு வாரங்களில் செத்தன. டி செல்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகி உறுப்புகளுக்குள் நிறைந்துவிட்டன. பிரேக் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

ப்ளூஸ்டோனின் கவனம் உறுப்பு மாற்று, தன்னெதிர்ப்பு நோய்கள் பக்கம் இருந்தது. ஆலிசன் கேட்ட கேள்வி வேறு: இந்தப் பிரேக்கை ஒரு எதிர்ப்பொருளால் கொஞ்ச நேரம் மறைத்தால் டி செல் கட்டியைத் தாக்குமா? அதுவரை எல்லாரும் கோலியைப் போல ஆக்சிலரேட்டரைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார்கள். தடுப்பூசி, இன்டர்ஃபெரான், இன்டர்லூக்கின் என்று விதவிதமாக. இவர் கட்டியைத் தொடவே இல்லை. 1992இல் கியோட்டோவில் டசுகு ஹோஞ்சோவின் குழு கண்ட பிடி-1 இதைப் போலவே இன்னொரு பிரேக். அதைத் தடுக்கும் மருந்துகள்தான் இன்று அதிகம் புழங்குகின்றன. ஆனால் அளவுகோல் உடைந்தது சிடிஎல்ஏ-4 விஷயத்தில் என்பதால் நான் அதோடு நிற்கிறேன்.

மருந்து நிறுவனங்கள் கதவைத் திறக்கவில்லை. கடைசியில் மெடரெக்ஸ் என்ற சிறு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மனித எதிர்ப்பொருள் தயாரிக்கும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகள் அவர்களிடம் இருந்தன. அங்கே பிறந்தது இபிலிமுமாப். பிறகு பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப் கூட்டுச் சேர்ந்தது. ஃபைசர் தனியாக டிரெமெலிமுமாப் என்ற இன்னொரு எதிர்ப்பொருளைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே பிரேக்கைத் தடுப்பவை. இரண்டையும் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

*

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒரு மருந்து கட்டியைச் சுருக்கியது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

1976இல் மோர்டெல், ஹேன்லி என்ற இருவர் ஒரு பரிசோதனை வைத்தார்கள். கேட்டால் விளையாட்டு மாதிரி இருக்கும். ஒரு மெத்தை மேல் 12 உருண்டைகளை வைத்து, மேலே ஃபோம் ரப்பரால் மூடினார்கள். அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்களைக் கூப்பிட்டு, தடவிப் பார்த்து அளவு சொல்லுங்கள் என்றார்கள். ஸ்கேன் பரவாத காலம் அது. கட்டியைக் கையால்தான் அளந்தார்கள். முடிவு என்ன தெரியுமா? 25 சதவீதம் குறைந்தால் ‘சுருங்கியது’ என்று வைத்துக்கொண்டால், துளியும் மாறாத உருண்டையே ஏறக்குறைய கால்வாசித் தடவை சுருங்கியதாகக் கணக்கில் வந்தது. எல்லையை 50 சதவீதம் ஆக்கினால் அந்தத் தவறு பத்தில் ஒன்றுக்கும் கீழே போனது.

1979இல் உலக சுகாதார நிறுவனம் இந்த 50 சதவீதத்தை விதியாக்கியது. கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அந்தப் பெருக்கல் பாதியானால் பலன். 25 சதவீதம் கூடினாலோ, புதிதாக ஒரு கட்டி தெரிந்தாலோ நோய் முற்றுகிறது, மருந்து தோற்றது. 2000இல் ஸ்கேன் காலத்துக்கு ஏற்ப நீளத்தை மட்டும் அளக்கும் விதி வந்தது. 30 சதவீதம் குறைந்தால் பலன். 0.7ஐ 0.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 0.49. பழைய பாதிதான் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. ஆக, உலகமெங்கும் புற்றுநோய் மருந்துகளின் தலையெழுத்தைத் தீர்மானித்த எண், மெத்தை மேல் உருண்டையைத் தடவிய விரல்கள் எவ்வளவு தடுமாறும் என்பதிலிருந்து பிறந்தது. கட்டியின் உயிரியலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. கீமோதெரபிக்கு அது நன்றாகவே பொருந்தியது. கீமோ செல்லை நேரடியாகக் கொல்லும். சில வாரங்களில் சுருங்க வேண்டும், சுருங்காவிட்டால் அந்த விஷத்தை நோயாளி உடம்பில் மேலும் ஏற்றுவது அநியாயம். ஆனால் இபிலிமுமாப் கட்டியைத் தொடுவதே இல்லை. டி செல்கள் விழித்து, பெருகி, கட்டியைத் தேடிப்போய், உள்ளே நுழைந்து சண்டை போட வேண்டும். படை உள்ளே நுழைந்தால் கட்டி வீங்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள்கூட வீங்கி ஸ்கேனில் புதிதாகத் தெரியலாம். ஸ்கேன் நிழலைத்தான் காட்டும். நிழலுக்குள் இருப்பது புற்றுசெல்லா, அதைத் தின்ன வந்த செல்லா என்று அதற்குத் தெரியாது.

12ஆவது வாரம் முதல் ஸ்கேன். சிலருக்குக் கட்டி பெரிதாகியிருந்தது, விதிப்படி தோல்வி. ஆனால் அவர்களில் சிலர் உடம்பு தேவலை என்றார்கள். நியூயார்க்கில் ஜெட் வோல்ச்சாக் போன்ற மருத்துவர்கள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில மாதங்களில் கட்டிகள் சுருங்கின. 2009இல் வோல்ச்சாக்கும் மற்றவர்களும் இதற்கென்று புதிய விதிகளை எழுதினார்கள். புதிய கட்டி தெரிந்தாலே தோல்வி என்று எழுதாதே, அதையும் மொத்தக் கணக்கில் சேர். வளர்ந்திருந்தால் குறைந்தது நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்து உறுதி செய்.

அந்த நான்கு வாரம் எப்படிப்பட்டது என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். என் பெரியப்பாவுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய். சென்னையில் பிடி-1 மருந்து கொடுத்தார்கள். முதல் ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. ஒரு மாசம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். பெரியப்பா பஞ்சாயத்து அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். வரவா செலவா என்று தெரியாமல் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அவரால் தூங்க முடியாது. “வளர்ந்தா நல்லதுங்கறாங்களா, கெட்டதுங்கறாங்களா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லச் சொல்லுடா” என்றார். அடுத்த ஸ்கேனில் கல்லீரலிலும் புள்ளிகள் இருந்தன. அவருக்கு வளர்ச்சி என்றால் வளர்ச்சிதான். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான். போலி வளர்ச்சி சிறுபான்மைக்குத்தான் வாய்க்கிறது. ‘கட்டி வீங்குவது நல்ல அறிகுறி’ என்று வாட்ஸாப்பில் சுற்றும் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

*

2008 ஏப்ரலில் ஃபைசர் தன் பெரிய பரிசோதனையை நிறுத்தியது. மொத்தம் 655 நோயாளிகள், டிரெமெலிமுமாப் ஒரு பக்கம், கீமோ மறு பக்கம். இவர்கள் கட்டியின் அளவை நம்பவில்லை, எத்தனை நாள் உயிரோடு இருக்கிறார்கள் என்பதைத்தான் அளந்தார்கள். சரியான அளவுகோல்தான். ஆனால் நடுவழியில் எட்டிப் பார்த்தபோது இரண்டு கோடுகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, இனி தொடர்ந்தாலும் பயனில்லை என்று கணக்கு சொன்னது. அந்தக் கிறிஸ்துமஸ் எலிகளின் முதல் வாரம்தான் இது.

இன்னொரு பக்கம் பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்க்விப்பின் முந்தைய சிறு பரிசோதனை, கட்டி சுருங்கியவர்கள் 10 சதவீதம் என்ற இலக்கைத் தொடவில்லை. பெரிய பரிசோதனையின் இலக்கும் அதேதான். அதை நடுவில் மாற்றினார்கள். சுருங்கிய கட்டிகளை எண்ணுவதை விட்டுவிட்டு உயிரோடிருப்பவர்களை எண்ணுவது என்று முடிவெடுத்தார்கள். இதற்கு அதிக வருஷம் ஆகும், அதிகப் பணம் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் பரிசோதனையின் இலக்கை நகர்த்துவது என்றால் பொதுவாக எனக்குச் சந்தேகம்தான் வரும். கோட்டையைப் பிடிக்க முடியாதவன் கொட்டகையைக் காட்டுவது மாதிரி. ஆனால் இங்கே நடந்தது அதற்கு நேர் எதிர். சுலபமான இலக்கை விட்டுவிட்டுக் கடினமானதை எடுத்தார்கள், முடிவுகளைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால்.

2010 ஜூனில் முடிவு வந்தது. 676 நோயாளிகள். ஒப்பீட்டுக்கு வைத்த தடுப்பூசியை மட்டும் வாங்கியவர்களில் பாதிப்பேர் 6.4 மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். இபிலிமுமாப் வாங்கியவர்களுக்கு அது 10 மாதம். முற்றிய மெலனோமாவில் உயிர்க்காலத்தை நீட்டிய முதல் மருந்து. இதே பரிசோதனையில் கட்டி சுருங்கியவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், மருந்தைத் தனியாக வாங்கியவர்களில் 10.9 சதவீதம்தான். பரிசோதனையில் கொடுத்த மருந்துகளாலேயே 14 பேர் இறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பிரேக்கை எடுத்தால் வண்டி குடலிலும் கல்லீரலிலும் போய் மோதும். 2011 மார்ச்சில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. நான்கு டோஸுக்கு 1,20,000 டாலர் விலை.

நாலு மாதக் கூடுதலுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றலாம். நடுப்புள்ளியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2015இல் பல பரிசோதனைகளில் இபிலிமுமாப் வாங்கிய 1,861 பேரின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துக் கோடு வரைந்தார்கள். கோடு இறங்கிக்கொண்டே வந்து, மூன்றாவது வருஷத்தின் பக்கம் 20 சதவீதத்துக்குச் சற்று மேலே படுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய இறங்குவதே இல்லை. சிலரை 10 வருஷம் வரை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். நாங்கள் சர்வர் வரைபடங்களில் ‘வாலைப் பார்’ என்போம். கெட்ட செய்தி எப்போதும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நல்ல செய்தி வாலில் இருந்ததை நான் பார்த்தது இந்த ஒரு வரைபடத்தில்தான்.

*

கீமோ காலத்திலிருந்து இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டு வந்தது. உடம்பு தாங்கும் மட்டும் மருந்தை ஏற்றுவது. பிடி-1 மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே டி செல்களின் பிரேக்கைப் பெரும்பாலும் மூடிவிடுகின்றன என்பது ஆரம்பப் பரிசோதனைகளிலேயே தெரிந்திருந்தும், கடைக்கு வந்தது பெரிய டோஸ்தான். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அதைச் சோதித்தார்கள். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேர். எல்லாருக்கும் விலை குறைந்த மாத்திரை வகைக் கீமோ. பாதிப்பேருக்கு அதோடு நிவோலுமாப், மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு வருஷம் கழித்து மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் 16.3 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், நிவோலுமாப் சேர்த்து வாங்கியவர்களில் 43.4 சதவீதம். முழு டோஸோடு இது ஒப்பிடவில்லை என்று குறை சொல்லலாம். ஆனால் இந்தியாவில் பெரும்பாலான நோயாளிகளுக்கு முழு டோஸ் என்பது கட்டுப்படியாகாத விஷயம். கையில் இருப்பதோடுதானே ஒப்பிட முடியும்?

நிறுத்தப்பட்ட ஃபைசர் பரிசோதனையில் இருந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2013இல் முழுக் கணக்கை வெளியிட்டார்கள். கட்டி சுருங்கியவர்கள் டிரெமெலிமுமாப் பக்கம் 10.7 சதவீதம், கீமோ பக்கம் 9.8. ஒரே மாதிரிதான். ஆனால் கீமோவில் சுருங்கிய கட்டி 13.7 மாதம் அடங்கியிருந்தது, டிரெமெலிமுமாபில் 35.8 மாதம். உயிர்க்காலத்தில் நிரூபிக்கும்படியான வித்தியாசம் வரவில்லை. கீமோ வாங்கியவர்களில் சிலர் பிறகு வெளியே இபிலிமுமாப் வாங்கியிருக்கலாம் என்பதும் கணக்கைக் குழப்பியது.

அந்த மருந்து பின்னால் அஸ்ட்ராஸெனெகாவிடம் போனது. அறுவைக்கு எட்டாத கல்லீரல் புற்றுநோய்க்கு, துர்வாலுமாப் என்ற இன்னொரு எதிர்ப்பொருளோடு சேர்த்து, 2022 அக்டோபரில் அமெரிக்க அனுமதி பெற்றது. நிறுத்தப்பட்டு 14 வருஷம் கழித்து. டிரெமெலிமுமாப் ஆரம்பத்தில் ஒரே ஒரு டோஸ், 300 மில்லிகிராம். அதற்குப் பிறகு துர்வாலுமாப் மட்டும். ஐந்து வருஷம் கழித்து எண்ணியபோது அந்தச் சிகிச்சை வாங்கியவர்களில் 19.6 சதவீதம் பேர் இருந்தார்கள். சோராஃபெனிப் என்ற பழைய மருந்தை வாங்கியவர்களில் 9.4.